நியூயார்க் மழையில் தொடங்கி மாட்டுச் சந்தையில் முடிந்த ஏழு நாள்

ஊர் திரும்பிப் பத்து நாள் ஆகிறது. இன்னும் ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் சும்மா படுத்துக் கிடப்பதற்குப் பதில், பயணத்தில் ஒவ்வொரு இரவும் போனில் குறித்து வைத்ததை ஒழுங்குபடுத்தி இங்கே போடுகிறேன். தம்பி நியூஜெர்சியில் இருக்கிறான். அவனைப் பார்க்கத்தான் போனேன். ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று கூட்டிப்போனவன், நான் நினைத்தே பார்க்காத இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினான்.

நவம்பர் 27, 2024, புதன். நியூயார்க்

நாளைக்கு தேங்க்ஸ்கிவிங், அமெரிக்கர்களின் நன்றி நவிலும் பண்டிகை. மேசிஸ் கடைக்காரர்கள் நடத்தும் அணிவகுப்பு இந்த ஊருக்குப் பெரிய திருவிழா. ஆனால் முதல் நாளே பாதி ஊர் திரண்டுவிடுகிறது, பலூனுக்குக் காற்றடிப்பதைப் பார்க்க! இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தை ஒட்டிய இரண்டு தெருக்களில் ஆளை விடப் பத்து மடங்கு பெரிய பொம்மைகள் வலைக்கு அடியில், மணல் மூட்டை கட்டி, கவிழ்ந்து கிடக்கின்றன. ஒரு பொம்மைக்கு முகம் மட்டும் நிரம்பி உடம்பு இன்னும் துணியாகக் கிடந்தது, பக்கத்தில் நின்ற குழந்தை அதற்கு உடம்பு சரியில்லையா என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டே வந்தது.

வரிசை நீளம். ஆனால் யாரும் இடிக்கவில்லை. எனக்கு முன்னால் நின்ற பெரியவர் ஒருவர், இந்த ஊரிலேயே பிறந்தவராம், தானாகவே பேச்சுக் கொடுத்தார். 1924இல் கடை ஊழியர்கள் சேர்ந்து நடத்திய முதல் ஊர்வலத்தில் சென்ட்ரல் பார்க் மிருகக்காட்சிசாலையிலிருந்து நிஜ விலங்குகளையே கூட்டி வந்தார்களாம். 1927இல்தான் பலூன் வந்தது. இரண்டாம் உலகப் போரில் ரப்பரும் ஹீலியமும் ராணுவத்துக்கு வேண்டியிருந்ததால் 1942 முதல் 1944 வரை நடக்கவில்லை. அதனால்தான் நூறாண்டு ஆகியும் இது 98ஆவது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, "நாளைக்கு மழை வரும், குடையை நம்பாதீர்கள், பின்னால் நிற்பவருக்கு மறைக்கும், மழைச்சட்டை வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார். பின்னால் நிற்பவரைப் பற்றி அவர் கவலைப்பட்டது எனக்குப் பிடித்திருந்தது.

மழை வேண்டும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அக்டோபர் முழுவதும் இங்கே மழையே இல்லையாம், நகரத்துப் பூங்காக்களில் புல்லும் சருகும் தீப்பிடித்து எரிந்திருக்கின்றன. நியூயார்க்கில் தண்ணீர்க் கவலை இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

ராத்திரி தெருவோர வண்டியில் கோழியும் மஞ்சள் சோறும், ஒரு தட்டு 10 டாலர். இரண்டு பேர் சாப்பிடலாம்.

நவம்பர் 28, வியாழன். நியூயார்க்

காலை ஐந்தரைக்கு சென்ட்ரல் பார்க்கின் மேற்குச் சாலை ஓரம் போய் நின்றோம். எங்களுக்கு முன்பே மூன்று வரிசை. ஏழு டிகிரி குளிர், ஆறு மணிக்குத் தொடங்கிய மழை கடைசிவரை விடவில்லை. ஒரு ஆள் பிளாஸ்டிக் மழைச்சட்டை விற்றுக்கொண்டு வந்தார், முதலில் 5 டாலர், மழை வலுத்ததும் 10. தம்பி பேரம் பேசப் போனான், நான் பேசாமல் வாங்கு என்றேன், ஏனென்றால் என் செருப்புக்குள் (ஷூ போடு அக்கா என்று அவன் எவ்வளவோ சொன்னான்) காலுறை அதற்குள் நனைந்துவிட்டது.

குவீன்ஸிலிருந்து மூன்று பிள்ளைகளோடு வந்திருந்த பெண் ஒருத்தி, பிளாஸ்கில் கொண்டுவந்த சூடான சாக்லேட்டை எங்களுக்கும் ஊற்றிக் கொடுத்தாள். ஒரே மூடி, அதில்தான் எல்லோரும் குடித்தோம். இந்த ஊர்க்காரர்கள் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள் என்று எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள். மழையில் ஒன்றாக நின்றால் எல்லா ஊரும் ஒன்றுதான் போல.

எட்டரைக்கு முதலில் வந்தது வான்கோழி. இறக்கை அசைக்கிற பெரிய வான்கோழி ஊர்தி. 1973இலிருந்து அதுதான் முன்னே வருகிறதாம். அப்புறம் பலூன்கள். பெரிய பலூன் ஒன்றுக்குத் தொண்ணூறு பேர்வரை கயிறு பிடிக்கிறார்கள். எனக்கு இரண்டடி தூரத்தில் ஒரு அம்மா போனார், அறுபது வயது இருக்கும், கயிறு சுற்றிய பிளாஸ்டிக் கட்டையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தார், விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது, மூக்கு நுனியில் தண்ணீர் சொட்டியது, துடைக்கக் கையை எடுக்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிச் சிரித்தார். 1997இல் காற்றடித்து ஒரு பலூன் விளக்குக் கம்பத்தில் மோதி, கம்பத்துத் துண்டு விழுந்து பார்வையாளர் ஒருவருக்குப் பலத்த காயம். அதற்குப் பிறகு காற்று மணிக்கு 23 மைலுக்கு மேல் நிலையாக அடித்தால் பலூன் பறக்கக் கூடாது என்று விதி. மழைக்கு விதி இல்லை. நனையவேண்டியதுதான்.

எங்கெங்கோ இருந்து வந்த பள்ளி, கல்லூரி இசைக்குழுப் பிள்ளைகளைப் பார்க்கத்தான் மனசு கஷ்டமாக இருந்தது. தொப்பி இறகெல்லாம் நனைந்து கோழி இறகுபோல ஒட்டிக்கொண்டது. ஒருவரும் வாசிப்பதை நிறுத்தவில்லை.

இனி, தம்பி விஷயம். அவன் முதல் வேலைக்குப் போனது தெற்கு டகோட்டாவில். சியூ ஃபால்ஸ் ஊர். 2013இல் ஒரு நாள் போனில், "இங்க ஊரே ஒரு பாடகியைப் பத்திப் பேசுது அக்கா" என்றான். இதே அணிவகுப்பில் தெற்கு டகோட்டாவின் சுற்றுலாத் துறை அப்போது ஓர் அலங்கார ஊர்தி அனுப்பிவந்தது, நான்கு ஜனாதிபதிகளின் முகம் செதுக்கிய ரஷ்மோர் மலையின் மாதிரி. நம் குடியரசு தின ஊர்வலத்தில் மாநில ஊர்திகள் வருமே, அப்படி. அந்த ஆண்டு அதில் நின்று பாட ராக் பாடகி ஜோன் ஜெட் ஏற்பாடாகியிருந்தார். அவர் சைவம், விலங்குரிமை அமைப்பான பீட்டாவின் ஆதரவாளர். மாட்டை நம்பிப் பிழைக்கிற மாநிலத்தின் வண்டியில் மாட்டிறைச்சி வேண்டாம் என்பவரா என்று மாடு வளர்ப்போர் எதிர்த்தார்கள். கடைசியில் அவர் வேறு ஊர்திக்கு மாற்றப்பட்டார்.

அப்போது எனக்கு அந்தப் பாடகி பக்கம்தான் நியாயம் என்று பட்டது. ஒருவர் என்ன சாப்பிடுகிறார் என்பதற்கும் ஒரு பாட்டுக்கும் என்ன சம்பந்தம்? இதைத் தம்பியிடம் இன்று மறுபடி சொன்னேன். அவன், "நீ அங்க வந்து பாரு, நாளைக்கே கெளம்பறோம்" என்றான். டிக்கெட் முன்பே எடுத்து வைத்திருக்கிறான்!

நவம்பர் 29, வெள்ளி. விமானத்தில் பாதி நாள்

முதல் விமானம் தாமதம், அதனால் இரண்டாவது விமானத்தை ஓடிப் பிடித்தோம். நாங்கள் ஓடிய வேகத்துக்குப் பெட்டி ஓடவில்லை. கனமான கோட்டு, கம்பளி, காலணி எல்லாம் அந்தப் பெட்டியில். சியூ ஃபால்ஸில் இறங்கியபோது வெளியே மைனஸ் 12. விமான நிலையத்தில் கதவு திறந்ததும் மூக்குக்குள் ஏதோ குத்தியது, மூச்சின் ஈரம் உறைவதாம்.

பெட்டி எப்போது வரும் என்று கேட்டதற்கு முகப்பில் இருந்த பெண் கணினியைப் பார்த்துத் தெரியவில்லை என்றார், சொல்லிவிட்டு தன் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு ஜோடி கையுறையை எடுத்து என்னிடம் கொடுத்தார். திருப்பித் தரவேண்டாமாம். கம்பெனி மேல் இருந்த கோபம் அந்த நிமிஷம் அவரிடம் காட்ட முடியாமல் போய்விட்டது.

தம்பியின் பழைய நண்பர் வீட்டில் தங்கல். நண்பரின் மனைவியை அண்ணி என்றுதான் கூப்பிடுகிறோம், மதுரைக்காரர், இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாசலிலேயே தன் கோட்டைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டு, உள்ளே போய் ரசம் சுட வைத்தார்.

நவம்பர் 30, சனி. சியூ ஃபால்ஸ்

ஊர் பெயரிலேயே அருவி. இளஞ்சிவப்புப் பாறைமேல் தண்ணீர் விழுகிறது, ஓரமெல்லாம் உறைந்து கண்ணாடிபோல. அருவிக்குப் பக்கத்திலேயே இறைச்சி ஆலை, 1909இலிருந்து. காற்று அந்தப் பக்கமிருந்து வந்தால் ஊர் எதனால் பிழைக்கிறது என்று மூக்குக்குத் தெரிந்துவிடும். நேபாளி, எத்தியோப்பியர், பர்மாவின் கரேன் மக்கள் என்று பல நாட்டு அகதிகள் அங்கே கத்தி பிடிக்கிறார்கள் என்றார் அண்ணி. அவர் வார்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மணிக்கட்டு வலி.

விவசாய மாநிலம் என்று சொன்னாலும் ஊருக்குள் வங்கிக் கட்டடங்கள் நிறைய. கடனுக்கு இவ்வளவுதான் வட்டி வாங்கலாம் என்ற உச்சவரம்பை மாநிலம் எடுத்துவிட்டதும் 1981இல் சிட்டிபாங்க் தன் கடன் அட்டைத் தொழிலை நியூயார்க்கிலிருந்து இங்கே கொண்டுவந்தது, பின்னாலேயே மற்றவையும். வருமான வரி இந்த மாநிலத்தில் கிடையாது. தம்பி முதலில் வேலைக்கு வந்ததும் அப்படி ஒரு வங்கிக்குத்தான்.

மத்தியானம் சிஸ்லிக். ரஷ்யாவிலிருந்து குடியேறிய ஜெர்மானியர்கள் கொண்டுவந்தது. ஆட்டுக்கறியைச் சின்னச் சதுரமாக வெட்டிக் கொதிக்கிற எண்ணெயில் போட்டு எடுத்து, உப்பும் பூண்டுத்தூளும் தூவி, உப்பு பிஸ்கட்டோடு தருகிறார்கள். அரை பவுண்டு 14 டாலர். சுக்கா என்று நினைத்து வாயில் போட்டேன், மிளகு இல்லாத சுக்கா. ஆனால் கறி நல்ல கறி.

பெட்டி வரவில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு. மேற்கே 280 மைல்

நெடுஞ்சாலையில் வேகவரம்பு 80 மைல். சாலை நேர்க்கோடு. முதல் இரண்டு மணி நேரம் அறுவடை முடிந்த மக்காச்சோளத் தாள்களும், வரிசையாகத் தகரக் குதிர்களும், நடுவில் எத்தனால் ஆலைப் புகையும்தான். நண்பர் சொன்ன விலையைக் குறித்து வைத்தேன்: ஒரு புஷல், அதாவது 25 கிலோ, 4 டாலருக்குக் கொஞ்சம் மேல். 2022இல் 6, 7 டாலருக்குப் போனது. மிட்செல் ஊரில் மக்காச்சோளக் கதிரை இரண்டாகப் பிளந்து சுவரில் ஆணியடித்தே படம் செய்த மாளிகை ஒன்று இருக்கிறது. 1892இல் முதலில் கட்டினார்களாம், இப்போதிருப்பது 1921 கட்டடம், படத்தை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். சாயம் பூசுவதில்லை. சிவப்பு, கறுப்பு, பழுப்பு என்று அந்தந்த நிறத்துக் கதிரையே விளைவிக்கிறார்கள். கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்தேன், முத்து முத்தாக நிஜக் கதிர், கீழே சில இடங்களில் குருவி கொத்தித் தின்றிருக்கிறது.

சேம்பர்லெயினில் மிசூரி ஆற்றைத் தாண்டினோம். இந்த ஊரார் மாநிலத்தையே ஆற்றுக்குக் கிழக்கு, ஆற்றுக்கு மேற்கு என்றுதான் பிரித்துப் பேசுகிறார்கள். பாலம் தாண்டியதும் எனக்கும் காரணம் புரிந்தது. உழவு நிலம் குறைந்து மேய்ச்சல் நிலம் தொடங்குகிறது, மஞ்சள் புல், கண்ணுக்கு எட்டியவரை முள்கம்பி, அங்கங்கே கறுப்புப் புள்ளியாக மாடு. மாநிலத்தில் மனிதர்கள் 9 லட்சம், மாடுகள் 30 லட்சத்துக்கு மேல். நடுவழியில் போனில் மணி தானாக ஒரு மணி நேரம் பின்னால் போய்விட்டது, மாநிலத்துக்குள்ளேயே இரண்டு நேரம்.

ராத்திரி வால் என்ற குட்டி ஊரில் தங்கல். 1931இல் ஒரு மருந்துக் கடைக்காரர் இங்கே கடை வாங்கி, வியாபாரம் இல்லாமல் ஐந்து வருஷம் தவித்து, பிறகு இலவசமாக ஐஸ் தண்ணீர் தருகிறோம் என்று சாலையோரம் பலகை வைத்திருக்கிறார். அதிலிருந்து கூட்டம். இன்றைக்கும் காபி 5 சென்ட். பணத்தை நாமே ஒரு பெட்டியில் போடவேண்டும். குடித்தேன், தண்ணீராகத்தான் இருக்கிறது, ஆனாலும் இரண்டாவது கோப்பையும் எடுத்தேன். எங்கள் ஊர்ப் பக்கம் மோர்ப்பந்தல் போடுவார்களே, அதே தாகத்தின் கணக்குதான்.

எட்டு மணிக்கு அப்பாவின் போன். ஊரில் மறுநாள் காலை. ஃபெஞ்சல் புயல் கரை கடந்து இரண்டு நாளாக மழை என்பது தெரியும், ஆனால் நள்ளிரவில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் திறந்து, தென்பெண்ணை கரை புரண்டு வந்துவிட்டதாம். எங்கள் வீடு திருக்கோவிலூர்ப் பக்கம், ஆற்றங்கரையிலிருந்து கூப்பிடு தூரம். "மாட்டை அவுத்துட்டேன்மா. பள்ளிக்கூடத்து மேட்டுல கட்டியிருக்கு. கெடாரிக் கன்னு ஒண்ணு மட்டும் காணல" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அம்மா பின்னால் அழுவது கேட்டது.

தூக்கம் வரவில்லை.

டிசம்பர் 2, திங்கள். வால் அருகே ஒரு பண்ணை

தம்பி சியூ ஃபால்ஸில் குடியிருந்த வீட்டுக்கார அம்மாவின் அண்ணன் பண்ணை. அவருக்கு எழுபது தாண்டியிருக்கும். சமையலறை மேசையில் உட்காரவைத்து, அவர் மனைவி கூக்கன் என்ற கேக் போன்ற பதார்த்தம் கொடுத்தார், மாவுக்கு மேல் பாலாடைக் கலவையும் பிளம் பழமும். என் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டார்கள். தம்பி வெள்ளத்தைப் பற்றிச் சொன்னான். பெரியவர் முதலில் கேட்டது இதுதான்: "கயிற்றை அவிழ்த்துவிட நேரம் இருந்ததா?" இருந்தது என்றேன். தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, நாங்கள் கேட்காமலேயே, 2013 அக்டோபரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

அக்டோபர் முதல் வாரம், இன்னும் கோடை மேய்ச்சல் முடியவில்லை. மாடுகளெல்லாம் திறந்த புல்வெளியில், குளிர்கால ரோமம் இன்னும் முளைக்காத உடம்போடு. முதலில் மழை பெய்து தோல்வரை நனைத்தது. அதற்குமேல் பனி, மணிக்கு 60, 70 மைல் காற்று, சில இடங்களில் நான்கடிப் பனி. மாடு காற்றுக்கு முதுகைக் கொடுத்து நடக்கும், நிற்காது. பனி மூடியதில் முள்கம்பி வேலிமேலேயே நடந்து தாண்டி, பள்ளங்களிலும் ஓடைகளிலும் விழுந்து, ஒன்றின்மேல் ஒன்றாகச் செத்துக் கிடந்தன. மேற்குப் பகுதியில் மட்டும் பல்லாயிரம் மாடுகள். இவருக்கு 43. சிலவற்றைப் பத்து மைல் தள்ளி, அடுத்தவர் நிலத்தில், சூட்டுக்கோல் அடையாளம் பார்த்துத்தான் தன்னுடையது என்று தெரிந்துகொண்டாராம்.

"செத்தது 43 மாடு இல்லை" என்றார். விரலை மடக்கிக் கணக்குச் சொன்னார். தாய்மாடு ஒன்று. அதன் காலடியில் அந்த மாதம் விற்பதற்கு இருந்த கன்று ஒன்று. வயிற்றில் அடுத்த வருஷத்துக் கன்று ஒன்று. இங்கே வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருமானம், இலையுதிர் காலத்தில் கன்றை விற்கிற நாளில். புயல் வந்தது அதற்குச் சில வாரம் முன்னால். அந்த அக்டோபர் முதல் தேதியிலிருந்து பதினாறு நாள் மத்திய அரசே பட்ஜெட் சண்டையில் மூடிக் கிடந்தது. புகார் சொல்ல வேளாண் அலுவலகத்துக்குப் போன் செய்தால் எடுக்க ஆளில்லை. கால்நடை நஷ்டஈட்டுத் திட்டமோ அதற்கு இரண்டு வருஷம் முன்பே காலாவதியாகியிருந்தது. 2014 பிப்ரவரியில் புதிய வேளாண் சட்டம் வந்து, பின்தேதியிட்டு நஷ்டஈடு கொடுத்தார்கள். அதுவரை குழி தோண்டிப் புதைத்ததும், எண்ணி வைத்ததும், போட்டோ எடுத்து வைத்ததும்தான். வேறு மாநிலத்து மாடு வளர்ப்போர் சினைக் கிடாரிகளை லாரியில் ஏற்றி இனாமாக அனுப்பினார்கள் என்று சொன்னபோதுதான் அவர் குரல் இடறியது. அதில் வந்த ஒன்றின் பேத்தி இப்போதும் கொட்டகையில் இருக்கிறதாம்.

அதற்கு அடுத்த மாதம்தான் அணிவகுப்பு. நான் பாடகி விஷயத்தைக் கேட்டேன். பெரியவரின் மனைவி சொன்னார், ஒவ்வொரு தேங்க்ஸ்கிவிங் காலையும் வான்கோழியை அடுப்பில் வைத்துவிட்டு டிவியில் அணிவகுப்பு பார்ப்பது அவர் சின்ன வயசிலிருந்து வழக்கம். எங்கள் ஊர் வண்டி வரும்போது எல்லோரையும் கூப்பிடுவேன் என்றார். பெரியவர், "அந்தப் பாடகிமேல் எனக்கு ஒன்றும் இல்லை, அவர் அவர் மனசுப்படி நடக்கிறார்" என்றார். "ஆனால் அந்த வருஷம் எங்களை யாரும் பார்க்கவில்லை. பார்க்கிற ஒரே நாள் அது. அன்றைக்கு எங்கள் வண்டியில் நின்று, எங்கள் பிழைப்பு தப்பு என்று சொல்கிறவர் பாடுவதா?"

நியூயார்க்கில் நின்றபடி நான் நினைத்ததை இந்த மேசையில் சொல்ல வாய் வரவில்லை. விலங்குகளுக்காகப் பேசுகிற குரல் வேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அந்த அக்டோபரில் நான்கடிப் பனியில் குதிரைமேல் போய் மாட்டைத் தேடினவர் இவர். பாடகியை மாற்றியது சரியா என்று கேட்டால், அந்த வருஷத்துக்குச் சரி என்றே சொல்வேன். மாநிலத்தின் பெரிய தொழில்களில் இரண்டு, விவசாயமும் சுற்றுலாவும். வண்டியை அனுப்பியது இரண்டாவது. வண்டியில் மலை இருந்தது, மாடு இல்லை.

மத்தியானம் அந்த மலையையும் பார்த்தோம். அனுமதி இலவசம், வண்டி நிறுத்த 10 டாலர். 60 அடி முகங்கள், 1927இல் தொடங்கி 1941வரை செதுக்கியவை. பனிமூட்டத்தில் இரண்டு முகம்தான் தெரிந்தது. இந்தக் கருங்குன்றுகள் லக்கோட்டா என்ற பூர்வகுடி மக்களுடையவை. இந்த நிலம் அவர்களுக்கே என்று எழுதிக்கொடுத்த 1868 ஒப்பந்தத்தை அரசு மீறியது என்று 1980இல் உச்ச நீதிமன்றமே சொல்லி நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. வட்டியோடு 100 கோடி டாலரைத் தாண்டியும் அவர்கள் அந்தப் பணத்தைத் தொடவில்லை, நிலம்தான் வேண்டும் என்கிறார்கள். அணிவகுப்பு வண்டியில் அவர்களும்தான் இல்லை.

பெட்டி சியூ ஃபால்ஸுக்கு வந்துவிட்டதாக அண்ணி செய்தி அனுப்பினார்.

டிசம்பர் 3, செவ்வாய். சந்தை

பெரியவர் எங்களை மாட்டு ஏலத்துக்குக் கூட்டிப்போனார். சின்ன ஊர், பெரிய தகரக் கொட்டகை, நடுவில் மரத்தூள் பரப்பிய அரைவட்டக் களம், சுற்றிலும் படிபடியாக இருக்கை. ஒரு கதவு திறந்தால் கன்றுகள் பத்து இருபதாக உள்ளே ஓடிவரும், தலைக்கு மேலே பலகையில் சராசரி எடை விழும், ஏலக்காரர் மூச்சு விடாமல் பாடுவதுபோல விலையை ஏற்றுவார், அரை நிமிஷத்தில் அடுத்த கதவு திறந்துவிடும். வாங்குகிறவர் யார் என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. பெரியவர் காட்டினார்: எதிர்வரிசையில் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்ட ஒருவர், மடியில் இருந்த ஒற்றை விரலை அசைத்தார், அவ்வளவுதான் கேட்பு. எங்கள் ஊர்ச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவதைச் சொன்னேன். அவர் உடனே தன் மேல்கோட்டு நுனியை இழுத்து என் கைமேல் போட்டு, எப்படி, காட்டு என்றார். ஒரு விரல், இரண்டு விரல், பாதி என்று சொல்லிக் கொடுத்தேன். பக்கத்து இருக்கைக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

விலை நன்றாகத்தான் போகிறது. 550 பவுண்டுக் கன்று 1,700 டாலரை ஒட்டி. பல வருஷ வறட்சியில் தீவனம் இல்லாமல் தாய்மாடுகளையே விற்றுவிட்டதால் நாடு முழுவதும் 1951க்குப் பிறகு இவ்வளவு குறைவாக மாடு இருந்ததில்லை. அதனால் இந்த விலை. "விற்க மாடு இல்லாதபோது விலை வருகிறது" என்றார் அவர். இந்த இலையுதிர்காலமும் மழை இல்லை. இங்கிருந்து கன்றுகள் நெப்ராஸ்கா, அயோவா என்று கொழுக்க வைக்கும் கொட்டில்களுக்குப் போய், நேற்று முன்தினம் பார்த்த அந்த மக்காச்சோளத்தைத் தின்று, பிறகு ஆலைக்குப் போகும். நாட்டில் கொழுத்த மாடுகளில் நூற்றுக்கு 85ஐ வாங்குவது நான்கே கம்பெனிகள், விலை சொல்வது அவர்கள்தான் என்று அவருக்கு வருத்தம்.

கொட்டகைக்குள்ளேயே சாப்பாட்டுக் கடை. ரொட்டிக்கு நடுவில் வெந்த மாட்டிறைச்சி, பக்கத்தில் மசித்த உருளைக்கிழங்கு, எல்லாவற்றுக்கும் மேல் பழுப்புக் குழம்பு, 12 டாலர். நான் உருளைக்கிழங்கும் ஆப்பிள் பையும் மட்டும் வாங்கிக்கொண்டேன். நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. ஒன்றும் சொல்லவில்லை, பரிமாறுகிற பெண்ணிடம் எனக்கு மட்டும் இன்னொரு கரண்டி கிழங்கு, குழம்பு இல்லாமல் வைக்கச் சொன்னார்.

சாப்பிட்டு முடிக்கும்போது அப்பாவிடமிருந்து வாட்ஸாப்பில் ஒரு படம். பள்ளிக்கூடத்து மேட்டில் மூன்று மாடு, சேற்றோடு, வேப்பமரத்தில் கட்டியிருந்தது. பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை வாங்கி, விரலால் பெரிதாக்கி, ஒவ்வொன்றாகப் பார்த்தார். நடுவில் நிற்பது சினையா என்று கேட்டார். ஆமாம், மாசியில் ஈனும் என்றேன்.

"கன்று?"

இன்னும் கிடைக்கவில்லை என்றேன். அவர் போனைத் திருப்பித் தந்துவிட்டு, ஆற்றின் போக்கில் கீழே எத்தனை ஊர் இருக்கிறது, அங்கே யாரிடமாவது சொல்லி வைத்தாரா, காதில் வில்லை இருக்கிறதா என்று கேட்க ஆரம்பித்தார். நான் அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் கேட்டதை நான் தமிழில் கேட்க, அப்பா சொன்னதை நான் இங்கிலீஷில் சொல்ல, உள்ளே ஏலம் நடந்துகொண்டே இருந்தது.